காணாமல் போன 'இ'யும் பொட்டிக்குள் பொட்டியும்

டிஸ்கி: நீளமான பதிவு. கணினி விவகாரம் பிடிக்காதவர்கள் நடுவில் நாலு பத்தி தாண்டிப் போகலாம், கோவிச்சுக்க மாட்டேன். நான் பி.காம். படித்துவிட்டு பஹ்ரைனில் ஒரு வங்கியில் ஆணி பிடுங்குகிறவன். கணினி எனக்குத் தொழில் இல்லை. தேவைக்குக் கற்றுக்கொண்டது.

பழைய பொட்டிக்கு எழுதின நிரலைப் புதுப் பொட்டியில் எப்படி ஓட்டுவது? இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல். ஐபிஎம் 1959-ல் 1401 என்ற கணினியை அறிவித்தது. கம்பெனிகள் சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு எல்லாவற்றையும் அதற்கென்றே எழுதிக்கொண்டார்கள். இந்தியாவிலும் 1960களில் பல நிறுவனங்களில் 1401 இருந்தது. 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 வந்தது. உள்ளமைப்பே வேறு, பழைய நிரல் ஒன்றும் ஓடாது. வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? அதனால் 360-க்குள்ளேயே 1401 மாதிரி நடிக்கும் ஏற்பாட்டையும் வைத்து விற்றார்கள். பழைய பேரேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு புதுசு வாங்கு என்று எந்த வியாபாரியிடமும் சொல்ல முடியாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஐபிஎம் அதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தது.

அடுத்த படி, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ராபர்ட் கிரீசி தலைமையில் சில பேர் செய்தது. மாற்றியமைத்த ஒரு 360/40-ஐ எடுத்து, அது பதினாலு தனித்தனிக் கணினிகள் போலத் தோன்றும்படி செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன்னுடையது மட்டுமே முழுப் பொட்டி என்று நினைப்பு. அது சிபி-40, 1967 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் கடைச்சரக்காகவே ஆகிவிட்டது. 'மெய்நிகர் கணினி' என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். எனக்குப் பொட்டிக்குள் பொட்டி.

நம் மேஜைக் கணினிக்கு இந்த வித்தை வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. காரணம் சுவாரசியமானது, வங்கி பாஷையில் சொல்கிறேன். அதிகாரமில்லாத கிளார்க் பெரிய தொகை வவுச்சரை பாஸ் செய்யப் பார்த்தால் என்ன நடக்க வேண்டும்? சிஸ்டம் தடுத்து மேனேஜரிடம் அனுப்ப வேண்டும். மெய்நிகர் கணினி நடப்பதே இந்த ஒழுங்கில்தான். உள்ளே இருக்கும் இயங்குதளம் அத்துமீறினால், வெளியே இருப்பவனுக்குத் தகவல் வரும், அவன் பார்த்துப் பதில் தருவான். 1974-ல் போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் இதை இலக்கணமாகவே எழுதி வைத்தார்கள். இன்டெல்லின் x86 சில்லு... மன்னிக்கவும், எக்ஸ்86 சில்லு இந்த இலக்கணத்தில் தேறவில்லை. பென்டியத்தில் 17 கட்டளைகள் சரியில்லை என்று 2000-ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. அவற்றில் சில, வவுச்சரை பாஸும் செய்யாது, திருப்பியும் அனுப்பாது, சத்தமில்லாமல் குப்பைக்கூடையில் போட்டுவிடும். மேனேஜருக்குத் தெரியவே தெரியாது. இதைவிட மோசமான கிளை உண்டா!

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மெண்டல் ரோசன்பிளம், எட்வர்ட் பூனியோன், அவர்களோடு டயான் கிரீன் முதலானோர் 1998-ல் விஎம்வேர் ஆரம்பித்தார்கள். அந்தக் கட்டளைகளை ஓடும்போதே பிடித்து வேறு கட்டளைகளாக மாற்றி எழுதினார்கள். 1999-ல் பொருள் வெளிவந்தது. 2005, 2006-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் சில்லிலேயே இதற்கு வழி செய்துவிட்டன. 2007-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் சாமானியனுக்கும் எட்டியது.

சரி, இதற்கும் கோலார் தங்கவயலுக்கும் என்ன சம்பந்தம்? வருகிறேன்.

எங்கள் ஊரில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு சுரங்கத்தில் இறங்கினவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். 1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். கேஜில் இறங்கிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு இப்படி நாலு முதலாளிகள். ஒவ்வொரு முறையும் காகிதம் ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்கு. அலுவலகக் காகிதம் ஆங்கிலத்தில், ஊர் கர்நாடகத்தில், லைன் வீடுகளில் பேச்சும் எழுத்தும் தமிழில். 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்த ஊர் என்று எல்லோரும் எழுதுவார்கள். எடுத்தவனின் பெயரை எந்த எழுத்தில் எழுதினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

என் பெரியப்பா மகன் ராபர்ட்சன்பேட்டையில் டைப்பிங், டிடிபி கடை வைத்திருந்தார். சுரங்கம் மூடினதும் பாக்கித் தொகை, குவார்ட்டர்ஸ், வாரிசு என்று மனு எழுத வந்தவர்கள் ஏராளம். அண்ணன் மனு டைப் அடித்ததோடு நிற்காமல், வந்தவர் பெயர், எந்தச் சுரங்கம், எத்தனை வருஷ சர்வீஸ், வாரிசு யார் என்று தமிழில் ஒரு பட்டியலும் போட்டு வந்தார். நானூத்திச் சொச்சம் பேர். விண்டோஸ் 98 பொட்டி, டிஸ்கி எழுத்துரு, அந்தக் காலத்து ஒரு சின்ன டேட்டாபேஸ் மென்பொருள் (பெயர் வேண்டாம், செய்த கம்பெனியே இப்போது இல்லை). அண்ணன் 2019-ல் போய்ச் சேர்ந்தார். அண்ணி பொட்டியை எறியாமல் வைத்திருந்தார். போன வருஷம் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பினார். "உங்க அண்ணன் எழுதினது உள்ள இருக்கு தம்பி, ஜனங்க இன்னும் வந்து கேக்குறாங்க" என்றார். இன்னும் கேட்கிறார்கள். பாக்கி, வீடு, பட்டா எதுவும் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை.

டிஸ்கி என்றால் இங்கே தமிழ் எழுத்துக் குறியீடு, பதிவின் முதல் வரியில் போடும் டிஸ்கி இல்லை :-) 1990களில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. ஒருவர் அடித்தது இன்னொருவர் பொட்டியில் ஜிலேபியாகத் தெரியும். வெளிநாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் கூடிப் பேசி டிஸ்கியை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், முரசு அஞ்சல் செய்த மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல முதலில் இந்தக் குறியீட்டில் கிடைத்தவைதான். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை ஏற்றது. தங்கவயல் கர்நாடகம், அந்த ஆணை எங்களைக் கட்டாது. அண்ணன் இணையத்தில் கிடைத்த டிஸ்கியோடு போய்விட்டார். யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருந்தும், விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துருவோடு அது மேஜைக்கு வந்தது. தமிழக அரசு முறையாக ஏற்றது 2010-ல்.

இப்போது ஹார்ட் டிஸ்க் விஷயம். முதல் வேலை அதை முழுசாக ஒரு கோப்பாக நகல் எடுத்து, மூலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுவது. அசலைத் தொடாதே, நகலில் வேலை செய் என்பது ஆடிட்டர் பழக்கம். நகலை விர்ச்சுவல்பாக்ஸ் வடிவத்துக்கு மாற்றிக் கிளப்பினால், 98 தன் பழைய மதர்போர்டைக் காணாமல் திகைக்கும். ஒவ்வொரு சாதனமாகப் புதிதாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் குறுந்தட்டைக் கேட்கும். ஆகவே அந்த நிறுவல் குறுந்தட்டின் கோப்புகளை டிஸ்க்கிலேயே ஒரு அடைவில் போட்டுவிடுவது நல்லது.

நினைவகத்தில் தாராளம் கூடாது. இன்றைக்கு 16 ஜிபி சர்வசாதாரணம். 98-க்கு 512 எம்பிக்கு மேல் கொடுத்தால் அதன் கோப்புத் தேக்கம் முகவரி இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டு 'நினைவகம் போதவில்லை' என்று நிற்கும். அதிகமாகக் கொடுத்ததால் போதவில்லை என்கிறது! 256 கொடுத்தால் சமர்த்தாக ஓடும்.

வேகமும் இப்படித்தான். விண்டோஸ் 95-ம் 98-ன் முதல் பதிப்பும் தொடங்கும்போது ஒரு வெற்றுச் சுழலைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் ஓடவிட்டு, எடுத்த நேரத்தால் வகுத்து, சில்லின் வேகத்தைக் கணிக்கும். சில்லு வேகமாக வேகமாக அந்த நேரம் சுருங்கிப் பூஜ்யம் ஆனது. பூஜ்யத்தால் வகுத்தால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். 95-ல் இது 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி சில்லிலேயே தலைகாட்டி மைக்ரோசாஃப்ட் ஒட்டு வெளியிட வேண்டி வந்தது. பிறகு 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினபோது நெட்வொர்க் பகுதியில் மறுபடி வந்தது. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தங்கள் நிரல் இத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. 98 இரண்டாம் பதிப்பு என்றால் இந்தத் தொல்லை இல்லை. அண்ணனுடையது அதுதான்.

பெரிய தலைவலி புதுச் சில்லுகளில். ஏஎம்டியில் ஜென் 2-லிருந்தும் இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்தும் 95, 98 குடும்பம் மெய்நிகர் கணினிக்குள் காரணமில்லாமல் விழும். ஒருதரம் இந்தப் பிழை, மறுதரம் வேறு. நினைவக முகவரிகளைக் குறித்து வைக்கும் ஒரு சின்னப் பட்டியல் சில்லில் உண்டு. அதைப் புதுப்பிக்க வேண்டிய இடத்தில் 98 புதுப்பிக்காமல் விட்டிருக்கிறது. பழைய சில்லுகளில் அது வெளியே தெரியவில்லை, புதியவை கண்டிப்பானவை. இருபது வருஷம் ஒளிந்திருந்த கணக்குப் பிழை புது ஆடிட்டர் வந்ததும் அகப்பட்ட மாதிரி. 2022-ல் வந்த பேட்சர்9எக்ஸ் என்ற இலவச நிரல் இதைச் சரிசெய்கிறது. முன்பெல்லாம் சில்லின் உதவியை அணைத்துவிட்டு மென்பொருளாலேயே ஓட்டலாம். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-ல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். பொறுமை உள்ளவர்கள் 86பாக்ஸ் பக்கம் போகலாம். அது பென்டியத்தையே ஒட்டுமொத்தமாக நடித்துக் காட்டும். மெதுவாக ஓடும், ஆனால் விழாது.

சாளரத்தின் மூலையில் பச்சை ஆமை படம் தெரிந்தால் பயப்படாதீர்கள். உங்கள் விண்டோஸ் தன்னுடைய ஹைப்பர்-வியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேலே சவாரி செய்கிறது என்று அர்த்தம். திரை 16 வண்ணத்தில் 640-க்கு 480 என்று நின்றால் அதற்குத் தனி இயக்கி வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸ் 98-க்குத் துணை நிரல் தரவில்லை. யூஎஸ்பி வேண்டாம், கோப்புகளை ஐஎஸ்ஓவாகச் செய்து குறுந்தட்டாகக் காட்டுவது சுலபம். நெட்வொர்க்கை அறவே அணையுங்கள். 2006-ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தின இயங்குதளத்தை இணையத்தில் விடுவது, கதவில்லாத லாக்கர் அறை.

இத்தனையும் முடிந்து அண்ணனின் நிரல் திறந்தது. எல்லாப் பெயரும் பளிச்சென்று தமிழில். அங்கிருந்து வெற்று உரையாக ஏற்றுமதி செய்து, யூனிகோடுக்கு மாற்றுவது அரை மணி வேலை. டிஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பு முதலில், 'க' பிறகு, கால் கடைசியில் என்று இருக்கும். யூனிகோடில் 'க' முதலில். மாற்றிகள் அதைக் கவனித்துக்கொள்ளும்.

நான் கவனித்தது வேறு. இதே பட்டியலின் ஒரு நகல் 2000களின் நடுவில் யாரோ வெட்டி ஒட்டி மின்னஞ்சலில் சுற்றவிட்டு, பிறகு யூனிகோடாகவும் மாறி, ஊரில் பல பேர் கையில் இருந்தது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஊர் நகலில் 'இ' என்ற எழுத்தே கிடையாது!

காரணம் இது. டிஸ்கியில் 'இ'க்குத் தந்த இடம் 173. 98-ன் நோட்பேட் அதை எழுத்தாகவே காட்டும். ஆனால் சர்வதேச வழக்கில் 173 என்பது வரி உடையும் இடத்தில் மட்டும் தெரிய வேண்டிய மறைவுக் கோடு. உலாவிகளும் மின்னஞ்சல்களும் அதை மறைத்தன, சில துடைத்தே எறிந்தன. டிஸ்கி செய்தவர்களுக்கு இது தெரிந்துதான் பிற்பாடு 254-ல் இன்னொரு 'இ' கொடுத்தார்கள். அண்ணனின் விசைப்பலகை பழையது.

ஆகவே ஊர் நகலில் இருதயராஜ் 'ருதயராஜ்' ஆகிவிட்டார். அதையாவது ஊகித்துவிடலாம். இனிஷியல் 'இ.' உள்ளவருக்கு வெறும் புள்ளி மட்டும். அதை யாரோ அழுக்கு என்று அழித்திருக்கிறார்கள். தங்கவயலில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது சகஜம், இனிஷியல் போனால் ஆள் போனார். வாரிசுக் கட்டத்தில் 'இல்லை' என்பது 'ல்லை'. 'இரண்டாம் மனைவி' வெறும் 'ரண்டாம்'. ஒரு புண்ணியவான் அதை 'இறந்தவர்' என்று திருத்தியிருந்தார். அந்த அம்மா ஆண்டர்சன்பேட்டையில் உயிரோடு இருப்பதாக அண்ணி சொன்னார்.

அசல் பட்டியலிலிருந்து 'இ' இனிஷியல் உள்ள முப்பத்தொரு பேரைத் தனியாக எடுத்து, அச்சடிக்கும் வகையில் அண்ணிக்கு அனுப்பினேன். இதுவரை இருபத்திரண்டு குடும்பங்களைக் கண்டுபிடித்துவிட்டார். மீதி ஒன்பதில் ஐந்து சாம்பியன் ரீஃப், மூன்று நந்திதுர்க், ஒன்று மைசூர் மைன். பதிவை வாசிக்கிற யாருக்காவது அப்பாவோ தாத்தாவோ 'இ' இனிஷியலோடு அங்கே வேலை பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் வேண்டாம், தனிமடலில் சொல்லுங்கள். பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.