தள்ளாடும் கால்கள் சொன்ன சாட்சி

விழுப்புண்ணைப் போற்றிய மரபு நம்முடையது. மார்பில் பட்ட புண் பட்டவனுக்கும் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும். பட்டவனே அறியாத புண்ணும் ஒன்று உண்டு. தலையில் விழும் அடியால் மூளை குலுங்கி, அதன் இயக்கம் தடுமாறும் 'கன்கஷன்' என்னும் மூளையதிர்ச்சி அது. சி.டி. ஸ்கேனிலும் பெரும்பாலும் தென்படாது. ஆட்டத்தின் நடுவே அதைக் கண்டறிய முயன்ற வரலாற்றை, 'எனக்கு ஒன்றுமில்லை' என்னும் வீரனின் சொல்லை நம்பலாகாது என்று மனிதர் மெல்லக் கற்றுக்கொண்ட வரலாறாகவே நாம் காண்கிறோம்.

1928-இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்கள் சிலர் நாளடைவில் குடித்தவர்போல் தள்ளாடுவதைக் கட்டுரையாக எழுதினார். இந்நிலையை ரசிகர்கள் முன்பே அறிந்திருந்தனர் என்பதையும் அவரே குறிப்பிட்டார். மருத்துவத்துக்கு முந்திய சாட்சி, பார்வையாளரின் கண்ணே.

1995-இல் டேவிட் மாடக்ஸும் அவருடைய சகாக்களும் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் ஓர் உண்மையைக் கண்டனர். பெயரையோ பிறந்த நாளையோ கேட்டுப் பயனில்லை. அடிபட்டவனும் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவான். 'கடைசியாகக் கோல் போட்டது யார்? சென்ற வாரம் எந்த அணியோடு ஆடினாய்?' என்று கேட்டால்தான் தடுமாறுவான். பழைய நினைவு நிற்கிறது, புதியதே நழுவுகிறது. மைதான ஓரத்தில் இன்றும் இவ்வகைக் கேள்விகள் கேட்கப்படுகின்றன.

கேள்விகளும் போதவில்லை. 2019 ஆகஸ்டில், லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. சோதனைகளில் தேறி, மீண்டும் ஆடவந்து 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள்தான் அறிகுறிகள் வெளிப்பட்டன. அம்மாதமே நடைமுறைக்கு வந்திருந்த புதிய விதிப்படி, அவருக்குப் பதிலாக லபுஷேன் மட்டை பிடித்தார். டெஸ்ட் வரலாற்றில் அத்தகைய முதல் மாற்று ஆட்டக்காரர் அவரே. அதுவரை, மூளையதிர்ச்சியை ஒப்புக்கொண்டு வெளியேறினால் அணி ஒரு மட்டையாளரை இழக்கும். உண்மை பேசுவதற்கான அந்தத் தண்டனையை இவ்விதி நீக்கியது.

அமெரிக்கக் கால்பந்து லீக், அடிபட்டவரை மேலிருந்து கண்காணிக்கத் தனிப் பார்வையாளர்களை அமர்த்தியது. ஆயினும் 2022 செப்டம்பர் 25 அன்று, மயாமி அணியின் டுவா டகோவைலோவா தலை தரையில் மோதி, எழுந்து, தள்ளாடி விழுந்தார். முதுகுக் காயமே காரணம் என்று கூறப்பட்டு மீண்டும் ஆடினார். நான்கு நாள் கழித்து, அடுத்த ஆட்டத்தில் மீண்டும் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். முதல் ஆட்டத்தில் விதிமுறை மீறப்படவில்லை என்றது விசாரணை. பிழை விதிமுறையில்தான் இருந்தது. நரம்பியல் தடுமாற்றம் தென்பட்டால் அன்று மீண்டும் ஆடக்கூடாது என்று அக்டோபரில் விதி திருத்தப்பட்டது.

1928-இல் ரசிகர்களின் கண்ணில் பட்ட தள்ளாட்டம் விதியாக 94 ஆண்டுகள் ஆயின. அடிபட்டு எழுபவனைக் கைதட்டி வரவேற்கும் நாம், முதலில் அவன் கால்களைப் பார்ப்போமாக.