விடத்தல்தீவில் ஐந்தரை, மன்னாரில் ஆறு: ஒரு சோதனை தோற்ற கதை

சமாதான காலத்தில் மகன் காணாமல்போன ஒரு தாய், விடத்தல்தீவில் என்னிடம் சொன்னார்: "விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டவன்." மன்னார் நகரில் பதியப்பட்ட முறைப்பாட்டில் ஆறு மணி. இரண்டும் ஒரே நேரந்தான். 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. அந்த மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. (விடத்தல்தீவை இராணுவம் கைப்பற்றியது 2008 ஜூலை 16 இல்.)

வாக்குமூலங்களைத் தொகுக்க பைதனில் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். விடத்தல்தீவுக்கான சோதனையைத் தனியாக ஓட்டினால் சரி. மன்னார் சோதனையுடன் சேர்த்து ஓட்டினால் தோற்றது. தாயின் கூற்றுக்கும் முறைப்பாட்டுக்கும் அரை மணித்தியால முரண் காட்டியது. விசாரணையொன்றில் அது போதும், அவரைப் பொய்யராக்க.

காரணம் இதுதான். பைதன் ஒரு மொடியூலை முதல்முறை இம்போர்ட் செய்யும்போது மட்டுமே அதன் வரிகளை இயக்கும். பிறகு யார் கேட்டாலும் 'சிஸ்.மொடியூல்ஸ்' என்ற பட்டியலில் உள்ள அதே பிரதியைக் கொடுக்கும். பைடெஸ்ட் எந்தச் சோதனையையும் ஓட்டுமுன் எல்லாச் சோதனைக் கோப்புகளையும் ஏற்றிவிடும். என் வாக்குமூல மொடியூல் ஏற்றப்படும் கணத்தில் நேர வலயத்தைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டது. அகரவரிசையில் முந்திய மன்னார் கோப்பு அதைக் கொழும்பு நேரத்துடன் ஏற்றியது. விடத்தல்தீவுக் கோப்பு பின்னர் வலயத்தை மாற்றியும் பயனில்லை.

கோப்பின் பெயரை மாற்றி முன்னுக்குக் கொண்டுவந்தேன். உடனே மன்னார் சோதனை தோற்றது! இம்போர்ட் வரிசையை மாற்றுவது பிழையை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது மட்டுமே.

ஏற்றும்போது எதையும் தீர்மானிக்காமல், வலயத்தைச் செயற்கூறுக்கு அளபுருவாகக் கொடுத்ததுதான் தீர்வு. இப்போது ஒவ்வொரு வாக்குமூலமும் தன் மணிக்கூட்டைத் தானே சுமக்கிறது. மற்றவரின் நிரல், திருத்த முடியாது என்றால், பைடெஸ்டின் 'மங்கிபட்ச்' மூலம் அந்த மொடியூலைப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நீக்கி மீண்டும் இம்போர்ட் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே பழைய பிரதியைப் பிடித்திருக்கும் கோப்புகள் அதை விடமாட்டா. எனவே கடைசி வழியாக மட்டும். சோதனைகளைத் தினமும் ஒவ்வொன்றாகத் தனித்தும் ஓட்டிப் பாருங்கள்.

கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு இருப்பது 'ஏசியா/கொழும்பு' ஒன்றே. விடத்தல்தீவின் பத்து வருட அரை மணித்தியாலத்தை நாங்கள்தான் எழுதவேண்டியிருந்தது.