சேறு, ஒரு செடி, அஞ்சாறு நத்தை

கடையில மீன் தொட்டி கேட்டா ஃபில்டர், ஏர் பம்ப், கலர் கல்லு எடுத்து வைப்பாங்க. அடியில மண்ணு போடணும்னு சொன்னா, "தண்ணி கலங்கிடும் தம்பி"ன்னு சிரிப்பாங்க. ஆனா இந்தத் தொட்டியோட சரித்திரமே சேத்துலதான் ஆரம்பிக்குது.

லண்டன், 1849. ராபர்ட் வாரிங்டன் ஒரு கெமிஸ்ட். அப்பாத்திகரீஸ் சொசைட்டின்னு மருந்து தயாரிக்கிற அமைப்புல வேலை. செடி வெளிச்சத்துல ஆக்சிஜன் விடும்னு இங்கன்ஹவுஸ் 1779-லயே காட்டியாச்சு. அப்படின்னா, தண்ணிய மாத்தாமலே மீனும் செடியும் ஒண்ணையொண்ணு காப்பாத்துமா? இதுதான் அவரோட கேள்வி.

12 கேலன், அதாவது சுமார் 54 லிட்டர் பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரம். அதுல பாதி தண்ணி. அடியில மணலும் சேறும். ரெண்டு கோல்டுஃபிஷ். சேத்துல ஒரே ஒரு வாலிஸ்நேரியா. (பிளஸ் டூ பயாலஜியில தண்ணி மூலமா மகரந்தச்சேர்க்கைக்கு உதாரணமா வருமே, அதே செடி!)

முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பழைய இலைங்க அழுக ஆரம்பிச்சது. தண்ணி கலங்கி, கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு ரெண்டையும் கணக்குல வெச்சவர், அழுகலை விட்டுட்டார். அதுக்கு அவர் கண்ட தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அஞ்சாறு குளத்து நத்தை. அழுகினதை அதுங்க தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சது. நத்தை போட்ட முட்டை மீனுக்குச் சாப்பாடு! 1850-ல இதைக் கெமிக்கல் சொசைட்டியில கட்டுரையா வாசிச்சார்.

கண்ணாடி மேல இருந்த வரியை பிரிட்டன் 1845-லயே எடுத்தாச்சு. 1853-ல லண்டன் ஜூவுல மீன் காட்சிசாலை, அடுத்த வருஷம் காஸ் எழுதின 'தி அக்வேரியம்' புத்தகம். ஊரே தொட்டி வாங்க ஓடுச்சு.

ஆனா 'சமநிலைத் தொட்டி'ங்கிற அந்தக் கருத்தை ஜேம்ஸ் ஆட்ஸ் 1949-ல கட்டுக்கதைன்னே எழுதினார். மீனுக்கு ஆக்சிஜன் முக்கியமா தண்ணியோட மேற்பரப்பு வழியா காத்துல இருந்துதான் வருது. ராத்திரியில செடியே ஆக்சிஜனை எடுத்துக்கும். சரியான அடி. என்னைக் கேட்டா, வாரிங்டன் சொன்ன காரணத்துல பாதி தப்பு, ஆனா அவர் வெச்ச தொட்டி சரி.

அது ஏன் சரின்னு விளக்கினது அமெரிக்காவோட டயானா வால்ஸ்டட், 1999-ல வந்த தன்னோட புத்தகத்துல. மீன் கழிவுல வர்ற அம்மோனியா மீனுக்கு விஷம், செடிக்கு உரம். நிறைய நீர்ச்செடிங்க நைட்ரேட்டை விட அதைத்தான் முதல்ல எடுக்கும். மண்ணுல இருக்கிற மக்கை பாக்டீரியா சிதைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு இலவசம். ஒரு இன்ச் தோட்ட மண்ணு, மேல ஒரு இன்ச் சரளை, முதல் நாளே நெருக்கமா செடி.

ஒண்ணு மட்டும் கவனம். புது மண்ணே ஆரம்ப வாரங்கள்ல அம்மோனியா விடும். டெஸ்ட் கிட்டுல அது ஜீரோ காட்டுற வரைக்கும் மீனை விடாதீங்க. நத்தை விடலாம்னு தோணும், அதுக்கும் அதே விஷம்தான்.