மலையடிவாரத்தில் ஒரு தலைநகரம்

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் பெரும்பாலும் தென்காசியில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, பஸ் மாறிப் போய்விடுகிறார்கள். இந்த ஊர் பாண்டியர்களின் தலைநகராக இருந்தது என்றால் பலர் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, மடகாஸ்கரின் மலைத் தலைநகரான தனனரீவ் வரை மனப்பாடம். தென்காசியின் கதை தெரிந்தது இங்கே வேலைக்கு வந்த பிறகுதான்.

1311-ல் மாலிக்காபூர் படையெடுத்து வந்தபின் மதுரையில் பாண்டியர் பிடி தளர்ந்தது. அடுத்து சுல்தான்கள், பின்னர் விஜயநகரத்தார். தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களில் ஒருவர், 1422 முதல் 1463 வரை ஆண்ட பராக்கிரம பாண்டியர். மதுரையை இழந்த குலம், சிற்றாற்றங்கரையில் புதிதாக ஒரு காசியை உண்டாக்கிக்கொண்டது. சிவன் கனவில் வந்து, எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போகச் சொன்னதாகத் தலபுராணம். காசிவிசுவநாதர் கோயில் வேலை தொடங்கியது 1446-ல்.

அரண்மனை பார்க்க ஆசைப்பட்டு வந்தால் ஏமாற்றம்தான். கோயிலுக்குள் போய்க் கல்வெட்டைப் பாருங்கள். இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் விழுந்து வணங்குவேன் என்று அரசரே அதில் சொல்லியிருக்கிறார். யாரென்றே தெரியாத, இன்னும் பிறக்காத மனிதர்களுக்கு ஒரு மன்னர் போட்ட கும்பிடு! அலுவலகத்தில் எத்தனையோ மனுக்கள் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

கோபுரம் 1924-ல் தீயில் சிதைந்தது. நான் வந்தபோதும் மொட்டைக் கோபுரம்தான். மேலே செடி முளைத்துக் கிடக்கும். அதைப் பார்த்தபடியே ஆபீசுக்குப் போவோம். யாருக்கும் அது குறையாகத் தோன்றியதாக நினைவில்லை, எனக்கும்தான். 1990-ல் ஒன்பது நிலையோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு எழுப்பிக் குடமுழுக்கு நடத்தினார்கள். அன்று கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அந்தக் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. கும்பிட வேண்டியவர் நானல்ல என்றாலும் கை தானாகக் குவிந்தது.

நாம் சிறுவயதில் படித்த வெற்றிவேற்கையை இயற்றிய அதிவீரராம பாண்டியரும் இங்கிருந்து ஆண்டவர்தான். அவர் காலத்துக்குப் பின் அரசு தேய்ந்து மறைந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்து மாவட்டத் தலைநகர் ஆக்கியிருக்கிறார்கள்.

வருகிறவர்கள் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கோபுர வாசலில் மலைக்காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும், சற்று நின்று அனுபவியுங்கள். அருவி எங்கும் போய்விடாது.