முடிக்கப்படாத ஒரு கடற்கரை வழி



கல்லூரிக் காலத் தோழர் ஒருவர் தஞ்சையிலிருந்து தம் காரிலேயே குடும்பத்துடன் வந்திருந்தார். வந்தவர் கையில் ஒரு வரைபடம். கன்னியாகுமரியில் தொடங்கி மணக்குடி, முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று மேற்கே கடலோரமாக மையினால் ஒரு கோடு இழுத்திருந்தார். "மொத்தம் எழுபது கிலோமீட்டர்தான் ஐயா. காலையில் புறப்பட்டு, ஊருக்கு அரைமணி நேரம் நின்று, மாலையில் கேரள எல்லையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்" என்றார்.

இம்மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, இங்கேயே தமிழ் நடத்திப் பிழைக்கும் நான், அந்தக் கோட்டின்படி ஒருமுறைகூடப் பயணம் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முட்டத்துக்குப் போயிருக்கிறேன், நாகர்கோவிலிலிருந்து. குளச்சலுக்குப் போயிருக்கிறேன், திங்கள்நகர் வழியாக. தேங்காய்ப்பட்டணத்துக்குக் கருங்கல்லிலிருந்தோ புதுக்கடையிலிருந்தோ பேருந்து ஏறவேண்டும். எங்கள் கடற்கரை ஊர்கள் சீப்பின் பற்களைப் போன்றவை. ஒவ்வொன்றும் உள்நாட்டுச் சந்தையோடுதான் இணைந்திருக்கும்; பக்கத்துப் பல்லோடு அன்று. (இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "மங்கலம் முதல் மணக்குடி வரை" என்பது நாஞ்சில் நாட்டின் பழைய எல்லைக் கணக்கு. ஆகவே மணக்குடியைத் தாண்டியதுமே நாம் நாஞ்சில் நாட்டைவிட்டு வெளியேறிவிடுகிறோம். மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்றெழுதும் வழக்கத்தை விளவங்கோட்டு நண்பர்கள் ஒருபோதும் மன்னித்ததில்லை.)

ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாத இந்தக் கோடு வேறு யாருக்குத் தேவைப்பட்டது? கார் புறப்படும்போது மனத்தில் இருந்த கேள்வி இது. வழிகாட்டியாக என் பழைய மாணவர் ஒருவர் உடன் வந்தார். குளச்சலுக்கு அருகிலுள்ள கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். இப்போது பள்ளி ஆசிரியர்.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் நூலே, இங்கே ஒரு துறைமுகம் இருந்ததையும், துறவு பூண்ட ஆண்களும் பெண்களும் நீராடி வாழ்ந்ததையும், ஒரு பெண்தெய்வம் இங்கே நீராடியதாகச் சொல்லப்படுவதையும் குறித்துவைத்திருக்கிறது. அதாவது, இரண்டாயிரம் ஆண்டுகளாக இவ்வூருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். 1970இல் விவேகானந்தர் மண்டபம், 2000இல் வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் இறுதியில் இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். படகுத்துறையில் நண்பரின் குழந்தைகள் வரிசையில் நின்றபோது, நான் மாணவரிடம் வேறொரு பாறைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துப் பரதவர் ஊர்களைச் சூறையாடியது. மக்கள் ஓடிப்போய் முனைக் கடலிலுள்ள பாறைகளில் ஒண்டிக்கொண்டு, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். செய்தி மணப்பாட்டிலிருந்த பிரான்சிஸ் சவேரியாருக்கு எட்டியது. உணவுப் பொருள்களை ஏற்றிய இருபது தோணிகளோடு அவர் புறப்பட்டார். எட்டு நாள் எதிர்காற்றோடு போராடியும் முனையை அடைய முடியவில்லை, மணப்பாட்டுக்கே திரும்பினார். பிறகு கரைவழியே நடந்துதான் குமரிக்கு வந்து சேர்ந்தார். அவர் கடிதங்களே இதற்குச் சான்று.

கேட்டுக்கொண்டிருந்த மாணவர் சிரித்துவிட்டார். "ஆனி மாசம் கச்சான் அடிக்கும்போ மணப்பாட்டுல இருந்து மேற்க தோணி விடச் சொன்னது ஆரு சார்? எங்க ஊரு சின்னப் பிள்ளைகிட்ட கேட்டிருந்தாலும் சொல்லியிருக்குமே."

வரலாற்று நூல்கள் இவ்விடத்தில் "எதிர்காற்று" என்று ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றன. அந்தக் காற்றுக்கு மாதமும் பெயரும் உண்டு என்று சொல்ல ஒரு கடற்கரைக்காரர் வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் சவேரியார் இக்கடற்கரை வழியே மறுபடி நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரிக் கடிதத்தில் எழுதுகிறார். பழைய வழிபாட்டு இடங்களை இடிக்கச் செய்ததையும் அக்கடிதம் மறைக்கவில்லை. இன்று வாசிக்கையில் நமக்கு நெருடத்தான் செய்கிறது. ஆனால் அதே கடிதத்தில் ஒரு சிறு செய்தி உண்டு: ஒவ்வொருவருக்கும் அவரவர் புதிய பெயரை எழுதியே கொடுத்தார் என்பது. எழுத்தறியாத ஒரு மீனவர், தம் பெயர் எழுதப்பட்ட துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு குடிசைக்குத் திரும்பும் காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். மதத்தைவிட அந்தத் துண்டு பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது.

மணக்குடியில் பழையாறு காயலாக விரிந்து கடலில் கலக்கிறது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்திருந்த பாலத்தை 2004 ஆழிப்பேரலை பெயர்த்தெறிந்தது. இன்று புதுப்பாலத்தில் கார் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். பள்ளம், இராஜாக்கமங்கலம்துறை என்று போய் முட்டத்தில் நின்றோம். பாறைகள், செம்மண் மேடுகள், ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம். நண்பரின் துணைவியார் இறங்கியதுமே "இது அலைகள் ஓய்வதில்லை ஊரல்லவா!" என்றார். ஆம், 1981இல் பாரதிராஜா படம்பிடித்த ஊர்தான். 'கடலோரக் கவிதைகள்' எடுத்ததும் இங்கேதான். அரைமணி நேரம் என்பது இங்கே ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

மணவாளக்குறிச்சியில் யாரும் இறங்க விரும்பவில்லை, நான்தான் வற்புறுத்தினேன். கரையின் மணல் கறுத்திருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் ஐரோப்பாவின் எரிவாயு விளக்கு வலைகளுக்குத் தேவைப்பட்டது. (நம் கல்யாண வீடுகளில் முன்பு எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வலையை நினைவிருக்கிறதா? அதே சரக்குதான்.) இங்கே ஆலை வந்தது, முதல் உலகப்போர் மூண்டதும் ஷோம்பர்க் எதிரிநாட்டவர் என்று கைது செய்யப்பட்டார், 1965இல் ஆலை இந்திய அரசின் அருமணல் நிறுவனத்தின் கைக்குப் போனது. கயிறு திரித்த பெண்கள் கையைத் தட்டி உதறிய மணல், கடல் கடந்து போய் விலைமதிப்புப் பெற்ற கதை இது. இந்த மணலுக்கான சண்டை இன்னும் ஓயவில்லை. கிள்ளியூர் வட்டாரக் கடற்கரையில் மேலும் 1,144 எக்டேரில் மணல் அள்ளும் திட்டத்தை எதிர்த்து ஊர்கள் திரண்டதை அண்மைச் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

அடுத்தது மண்டைக்காடு. பகவதியம்மன் புற்றுருவில் குடிகொண்டிருக்கும் கோயில். மாசிக் கொடையில் கேரளப் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். 1982 மாசியில் இங்கே மூண்ட மதக் கலவரத்தைப் பற்றி இன்றும் எங்கள் மாவட்டத்தார் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். காரிலும் அப்படித்தான் பேசினோம்.

இங்கேதான் மாணவர் சாலையோரத்தில் காரை நிறுத்தச் சொன்னார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகாயத்தாமரை மூடிய ஒரு நீர்த்தடம். "இதுதான் சார் ஏ.வி.எம். சானல். இதோட முடியுது."

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப்பெயர். அனந்தன் திருவனந்தபுரத்துப் பத்மநாபர். விக்டோரியா இங்கிலாந்துப் பேரரசி. மார்த்தாண்டன் அப்போது ஆண்ட உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர். வடக்கே கொல்லம், ஆலப்புழை, கொச்சி என்று காயல்வழியே வள்ளங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த நீர்வழியைத் தெற்கே நீட்டித் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே கொண்டுபோவது திட்டம். 1860இல் வேலை தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மன்னர் காலமானார். பூவாரிலிருந்து குளச்சல் தாண்டி மண்டைக்காடு வரை வந்த கால்வாய், குமரியைக் காணாமலே நின்றுபோயிற்று. நண்பர் வரைபடத்தில் இழுத்த அதே கோடு! அவருக்கு முன்பே ஒரு மன்னர் அதை மண்ணில் இழுத்துப் பார்த்துவிட்டார். இதைச் சொன்னதும் நண்பர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

குளச்சலில் எல்லாரும் பார்ப்பது வெற்றித்தூண். 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை அனுஷம் திருநாள் மார்த்தாண்டவர்மரின் படை இங்கே தோற்கடித்தது. மிளகு வணிகத்தின் பிடிக்காக நடந்த போர். சிறைப்பட்ட டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படை பயிற்றுவித்து "வலிய கப்பித்தான்" ஆனார். 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கிறார். கல்லறைக் கல்லில் இலத்தீனோடு தமிழும் இருக்கிறது. இதெல்லாம் நூல்களில் உண்டு. தூணின் அடியில் நின்று மாணவர் சொன்ன செவிவழிச் செய்திக்கு அந்நூல்களில் இடம் குறைவு: குளச்சல் முக்குவர்கள் கரை நெடுகத் துடுப்புகளைத் தோளில் சாத்தி அணிவகுத்து நிற்க, கப்பலில் இருந்தவர்கள் அவற்றைத் துப்பாக்கிகள் என்று மிரண்டார்களாம். நடந்ததோ இல்லையோ, அந்தப் போரில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஓர் ஊர் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தூணிலிருந்து சற்றுத் தூரத்தில் மறுபடியும் அந்தக் கால்வாய். கிழக்கே கொட்டில்பாடு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மாவட்டத்தில் அன்று ஏறத்தாழ 800 பேர் இறந்தார்கள். மிகுந்த சேதம் கண்டவை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பகுதிகள். பாலச்சுவரில் கையை ஊன்றியபடி மாணவர் பேசினார்.

"அப்போ நான் நாலாம் கிளாஸ். கடலைப் பாக்காத, ஓடுன்னு அம்மா சத்தம் போட்டா. கடலுக்கு முதுகைக் காட்டிட்டுத்தான் ஓடினோம் சார். முன்னால சானல் கிடந்தது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அலையில் அடிபட்டவர்களோடு, ஓடிவந்து இந்தக் கால்வாயில் விழுந்து மூழ்கியவர்களும் இறந்தோர் கணக்கில் உண்டு என்பதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது வேறு. கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே ஓர் அரசர் வெட்டித் தொடங்கி, எவரும் முடிக்காமலும் மூடாமலும் விட்ட பள்ளம். ஊரார் கடக்கப் போதிய பாலம்கூட அன்று அதன்மேல் இல்லை. நான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களுக்குக் குளச்சல் என்றதும் 1741ஐத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த மாணவர் என் வகுப்பில் மூன்றாண்டு இருந்தவர். அவரிடம் ஒரு நாளும் நான் கால்வாயைப் பற்றிக் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதில்லை.

இனயம் வழியாகத் தேங்காய்ப்பட்டணம் சேரும்போது மதியம் திரும்பிவிட்டது. தோப்பில் முகம்மது மீரானின் ஊர். மலையாள வழியில் பள்ளிக்கல்வி பெற்ற அவர் தமிழில் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வெளிவந்தது. கடலிலிருந்து ஊரைப் பார்க்கும் எழுத்துகள் நம் மொழியில் எத்தனை குறைவு என்பதை அந்நாவல் வந்தபோதுதான் பலர் உணர்ந்தார்கள். குழித்துறைத் தாமிரபரணியின் பொழிமுகம் இங்கே. ஆற்றுக்கு அக்கரை இரையுமன்துறை. அங்கிருந்து நீரோடி வரை எட்டு ஊர்கள், ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் அதே கால்வாயுமாக, ஒரு துண்டு மணலின்மேல் நெருக்கியடித்து நிற்கின்றன. தூத்தூர் வட்டாரம் என்பார்கள். சுறா வேட்டைக்குப் பெயர்போன ஆழ்கடல் மீனவர்கள். குஜராத் கடல் வரை போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அவர்களைக் கரையிலன்று, நடுக்கடலில் பிடித்தது. பல வீடுகளின் முகப்பில் மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன. நண்பர் குழந்தைகள் அவற்றை எண்ணத் தொடங்கியதும் அவர் துணைவியார் மெல்லத் தடுத்தார்.

1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது கால்வாயும் இரண்டாயிற்று. பூவார் முனை கேரளத்துக்கு; மற்றது நமக்கு. இரு அரசுகளும் அதை மறந்துவிட்ட நிலையில், 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் பூவாரிலிருந்து இரையுமன்துறை வரையிலான பதினொரு கிலோமீட்டரைத் தேசிய நீர்வழி எண் 13 என்று அறிவித்தது. இச்செய்தியை நீரோடிக்கு அருகே கால்வாய்க் கரைத் தேநீர்க் கடையில் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை அலசிக்கொண்டே, "அப்பிடியா? இந்தப் பாசியக் கொஞ்சம் வாரச் சொல்லுங்க. கொசு தாங்க முடியல்ல" என்றார்.

நண்பர் எல்லைக் கல்லருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். வந்த வழியே போக வேண்டாம் என்று சொல்லி, களியக்காவிளைக்கு ஏறி, நெடுஞ்சாலை வழியாக நாகர்கோவில் திரும்பினோம். மாணவரை மட்டும் வழியில் அவர் ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட்டோம்.