தோற்ற வழக்கு, வென்ற வக்கீல்

இந்த வாரம் 1946-க்குப் போய்விடலாம், ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்ட சட்டத்தோடு அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களின் கதை திரும்புவதைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். போகத்தான் போகிறோம். ஆனால் வழியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வக்கீல் நிற்கிறார். அவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1790-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டமும், அதிலிருந்த ‘சுதந்திரமான வெள்ளையர்’ என்ற நிபந்தனையும் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் கதவு திறந்ததையும் பார்த்தோம். மண்ணில் பிறந்ததாலேயே குடிமகன் ஆவது எப்படி என்பதை வாங் கிம் ஆர்க் வழக்கோடு முடித்துவிட்டோம். மிச்சமிருப்பது, வெளியே பிறந்து வந்து மனுப் போட்ட ஆசியர்கள். இவர்களை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் ஊருக்கு ஊர் நீதிபதிகள் தங்களுக்குத் தோன்றியபடி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி இரண்டு முறை குடியுரிமை வாங்கியவர் பகத் சிங் திந்த். லாகூர் தூக்குமேடையை நினைத்துவிட வேண்டாம். இவர் வேறு பகத் சிங். அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1913-ல் அமெரிக்கா வந்து, ஆரிகன் மாநிலத்து மர ஆலையில் வேலை பார்த்து, 1918-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். தலைப்பாகையைக் கழற்றாமலே சீருடை அணிந்தவர். அந்த வருட டிசம்பரில் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் கொடுத்த குடியுரிமையை நான்கே நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். மனிதர் அசரவில்லை. 1920-ல் ஆரிகனில் மறுபடி மனுப் போட்டு வாங்கினார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதார் கட்சிக்காரர்களோடு பழகுகிறவர் என்று அரசுத் தரப்பு எதிர்த்தும் நீதிபதி மசியவில்லை. அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அங்கே உட்கார்ந்திருந்தவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட். இந்த ஆளை எனக்குப் பிடிக்காது என்பதை மறைக்கப் போவதில்லை. 1922 நவம்பரில், இருபது வருடம் அமெரிக்காவில் வாழ்ந்த ஒசாவா என்ற ஜப்பானியரின் மனுவைத் தள்ளியவர் இவர். தோல் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் போதாது, சட்டம் சொல்லும் வெள்ளையர் காகசிய இனத்தவர்தான் என்பது அந்தத் தீர்ப்பு. திந்த் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. வட இந்தியர் காகசிய இனம் என்று மானிடவியல் நூல்களே சொல்கின்றனவே! மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரி 19 அன்று, அதே சதர்லேண்ட், அறிஞர்கள் சொல்வதைக் கேட்க முடியாது, தெருவில் போகும் சாதாரண மனிதன் யாரை வெள்ளைக்காரன் என்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று எழுதினார். மற்ற நீதிபதிகளும் தலையாட்டினார்கள். ஒசாவாவுக்கு அறிவியல், திந்துக்குத் தெருப்பேச்சு. இவ்வளவையும் எழுதிய சதர்லேண்ட் பிறந்தது இங்கிலாந்தில். கைக்குழந்தையாக யூட்டாவுக்கு வந்து, அந்த மாநிலத்தின் செனட்டராகி, நீதிபதியானவர். அவரும் வந்தேறிதான்.

திந்த் தரப்பும் சுத்தம் இல்லை. திந்த் ஆரிய இரத்தம் உள்ள உயர் சாதிக்காரர், இந்தியப் பழங்குடிகளோடு மண உறவு கொள்ளாதவர், அமெரிக்க வெள்ளையர் கருப்பரோடு கொள்ளாதது போலவே என்று அவர்கள் வாதாடினார்கள். அதாவது, என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்து. சென்னை மாகாணத்தில் நீதிக் கட்சி ஆண்டுகொண்டிருந்த காலம் அது. இந்த வாதத்தை சதர்லேண்ட் ஏற்றிருந்தால் அமிர்தசரஸ்காரருக்கு வாசல் திறந்திருக்கும். மதுரைக்காரரும் மாயவரத்துக்காரரும் ‘ஆரியர் அல்ல’ என்று வெளியிலேயே நின்றிருப்பார்கள். எனவே திந்த் தோற்றதற்கு என்னால் முழு மனதோடு அழ முடிவதில்லை.

தீர்ப்பு வந்ததும் அரசு, ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர்களைத் தேடிக் கிளம்பியது. உங்களுக்குத் தந்தது தவறு, திருப்பிக் கொடுங்கள் என்று வழக்குகள். பலர் இழந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ வியாபாரி வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். வெள்ளையன் ஆட்சி வேண்டாம் என்று 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று பையன்களோடும் வந்தவர். 1921-ல் குடிமகனானார். அது போனதும் கடையும் சொத்தும் போயின. 1928-ல் இந்தியாவைப் பார்த்துவிட்டு வர பாஸ்போர்ட் கேட்டபோது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். எந்த மன்னரைத் துறந்ததாகச் சத்தியம் செய்தாரோ அதே மன்னரிடம் போய் நிற்கச் சொன்னார்கள். அந்த வருடமே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அமெரிக்கா தன்னை என்ன செய்தது என்பதைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நம் வக்கீல். சகாராம் கணேஷ் பண்டிட். உச்ச நீதிமன்றத்தில் திந்த் பக்கம் நின்றவர். 1914-லேயே குடியுரிமை வாங்கி, அதை வைத்துக் கலிபோர்னியாவில் வக்கீலானவர். அங்கே அப்போது குடிமகன் அல்லாதவருக்கு சன்னது கிடையாது. 1920-ல் லிலியன் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். திந்த் வழக்கு தோற்றதும் அரசு இவர் மீதே பாய்ந்தது. அவர் குடியுரிமை போனால் வக்கீல் தொழில் போகும். குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியரை மணந்த பெண்ணின் குடியுரிமையும் போகும் என்பது அன்றைய சட்டம். எனவே லிலியன் பிறந்த மண்ணிலேயே அந்நியராவார். தகுதியற்ற அந்நியர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்பது கலிபோர்னியாவின் சட்டம். ஆக நிலமும் போகும்.

பண்டிட் இந்த முறை தோலைப் பற்றிப் பேசவில்லை. ஆரியம், காகசியம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். 1914-ல் நான் மனுப் போட்டபோது அரசு வக்கீல் வந்தார், எதிர்த்தார், தோற்றார், மேல்முறையீடு செய்யவில்லை. அந்தத் தீர்ப்பை நம்பித் தொழில் கற்றேன், குடும்பம் வைத்தேன். இத்தனை வருடம் கழித்து அதே கேள்வியை எப்படிக் கிளப்பலாம்? முன்தீர்ப்புத் தடை! நம்மூர் முன்சீப் கோர்ட்டில் ஒரே வரப்புக்கு இரண்டாம் முறை வழக்குப் போட்டால் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து சொல்வாரே, அதேதான். கீழ் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 1926-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. அரசு உச்ச நீதிமன்றத்தைத் தட்டியது. 1927-ல் அது வழக்கை எடுக்கவே மறுத்தது. இந்தியர்கள் மேல் போட்ட மற்ற வழக்குகளையும் அரசு அதன்பின் விட்டுவிட்டது. பகாய்க்கு அது உதவவில்லை.

என் பார்வையில் அமெரிக்கக் குடிமகன் என்பதற்கு சதர்லேண்டின் தீர்ப்பைவிடப் பண்டிட்டின் வழக்கே நல்ல விளக்கம். அரசு ஒருமுறை வாக்குக் கொடுத்த பிறகு, கொடுத்தவன் மனம் மாறியதற்காக அதை இழக்காதவனே குடிமகன். கொடுக்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கட்டும்; கொடுத்த பின் கேள்வி கேட்கும் உரிமை குடிமகனுக்குத்தான். 1967-ல் அஃப்ரோயிம் வழக்கில், ஒருவர் தானாக விட்டுக்கொடுக்காமல் அவரது குடியுரிமையை நாடாளுமன்றச் சட்டத்தால் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்துக்கு நான்கு, மயிரிழைதான். அதற்கு நாற்பது வருடம் முன்பே, வேறு சட்ட வழியில், ஒரு பண்டிட் தனக்காகவாவது அதைச் சாதித்திருந்தார்.

திந்த்? முதல் உலகப் போர் வீரர்களுக்கு இனம் பாராமல் குடியுரிமை தர 1935-ல் சட்டம் வந்தது. அடுத்த வருடம் மூன்றாம் முறையாக, கடைசியாக, குடிமகனானார். அப்புறம் ஆன்மிகச் சொற்பொழிவுகளும் புத்தகங்களுமாக நெடுநாள் வாழ்ந்தார்.

1946-க்கு இரண்டு வரிதான் மிச்சம். ஜூலை 2 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் குடியுரிமை வாங்க வழி செய்தது. இந்தியாவிலிருந்து குடியேற வருடத்துக்கு நூறு பேருக்கு இடம் தந்தது. நாற்பது கோடிப் பேருக்கு நூறு இடம்! அந்தச் சட்டம் திறந்த வழியில் 1949-ல் குடிமகனாகி, 1956 தேர்தலில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே வென்ற பஞ்சாப் விவசாயி தலீப் சிங் சாந்த் அடுத்த வாரம் வருகிறார். இந்த முறை வழியில் வக்கீல் யாரும் நிற்கவில்லை. எனவே வழி தவற மாட்டேன்.

(தொடரும்)