வட்டத்துக்குள் ஒரு யு

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கப்பல் வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் வந்தால் பெட்டி நிறைய வெளிநாட்டு சாக்லேட்டும் பிஸ்கட்டும் வந்து இறங்கும். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மிளகு அளவில் ஒரு வட்டம், அதற்குள் யு என்ற ஆங்கில எழுத்து. சிலவற்றில் அதை ஒட்டி டி என்ற எழுத்தும் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த டி பெரிய துணை.

அந்தக் குறி பிறந்தது மருத்துவத்தில் அல்ல, மதத்தில். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்கக் கூடாது என்ற கட்டளை யூத வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்த கோஷர் முறையில் பாலும் இறைச்சியும் ஒரே பந்தியில் சேராது. சட்டி, கரண்டி, தட்டு எல்லாம் தனித்தனி. இரண்டிலும் சேராத அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை போன்றவை ‘பாரேவ்’. மீனும் அந்த வகைதான். ஆனால் துடுப்பும் செதிலும் உள்ள மீனாக இருக்க வேண்டும்; காசிமேட்டு ஏலத்தில் நல்ல விலை போகிற இறாலுக்கும் நண்டுக்கும் அங்கே இடமில்லை.

வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட காலத்தில் இதற்குக் குறி எதுவும் தேவைப்படவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பவழம் கொடுத்து வைரம் வாங்க யூத வணிகர்கள் மதராஸில் குடியேறினார்கள். ராயபுரத்துக்குத் தெற்கே ஜார்ஜ் டவுனில் இருக்கும் பவழக்காரத் தெரு அந்த வியாபாரத்தை இன்னும் பெயரில் வைத்திருக்கிறது. தங்கள் அடுக்களையில் என்ன வெந்தது என்று அவர்களுக்குத் தெரியும். சமையல் தொழிற்சாலைக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, அது எந்தக் கொப்பரையில் வெந்தது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

1923-இல் ஹெய்ன்ஸ் நிறுவனம் இறைச்சி சேர்க்காத பீன்ஸ் டப்பாவுக்கு கோஷர் சான்று கேட்டது. சான்று தந்தது 1898-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்தடாக்ஸ் யூனியன். ஆனால் ‘கோஷர்’ என்று பெரிதாகப் போட நிறுவனத்துக்குத் தயக்கம். மற்ற வாடிக்கையாளர்கள் விலகிவிடக் கூடாதே! தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படுகிற மாதிரி ஒரு குறி போதும் என்று முடிவானது. அப்படிப் பிறந்ததுதான் வட்டத்துக்குள் யு. அதே காலத்தில் ஏப்ரகாம் கோல்ட்ஸ்டீன் என்ற வேதியியலாளர், பட்டியலில் சாதுவாகத் தெரியும் பொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று தோண்டிப் பார்த்தார். கிளிசரின் என்றால் அது விலங்குக் கொழுப்பா, தாவர எண்ணெயா? 1935-இல் ஓகே என்ற இன்னொரு சான்று அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. பால் ஒவ்வாதவர்களும் இன்று இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேசின், வே என்ற பெயர்களில் ஒளிந்திருப்பது பால்தான்.

டி என்றால் பால் சேர்ந்தது, அல்லது பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது. நம் பச்சைப் புள்ளி இவ்வளவு சொல்வதில்லை. 2001-இல் வந்த அந்த விதி சைவமா அசைவமா என்பதோடு நிற்கிறது. பாலும் நெய்யும் அதற்குச் சைவமே. பாலில்லாததைத் தேடுகிறவர்களுக்கு உதவும் வீகன் குறிக்கு விதி வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு தாமதம் ஆகியிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் பாரேவ் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் அப்படி வாங்கவே கூடாது. தவறி விழுந்தது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவானால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று யூத மரபு பல நேரங்களில் அனுமதிக்கிறது. ஒவ்வாமை அந்தக் கணக்கைப் பார்க்காது.

குறியை ஒட்டி வரும் பி என்ற எழுத்தில் இன்னொரு கண்ணி. பலர் அதை பாரேவ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பஸ்கா என்ற யூதப் பண்டிகையைக் குறிப்பது. பஸ்கா நாட்களில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலிய ஐந்து தானியங்களைப் புளிக்கவிட்டுச் சாப்பிடுவதில்லை. அதனால் அந்தக் காலத்துப் பலகாரங்கள் பல உருளைக்கிழங்கு மாவிலோ மரவள்ளி மாவிலோ செய்யப்படும்; குளூட்டன் ஆகாதவர்களுக்கு அவை வரப்பிரசாதம். ஆனால் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வேதத்தில் படித்துப் பழகிய புளிப்பில்லா அப்பம் இருக்கிறதே, அது வழக்கமாகக் கோதுமையில் செய்வது. அதைப் பொடித்து மாவாக்கி மற்ற பலகாரங்களிலும் சேர்ப்பார்கள். அவற்றிலும் பி இருக்கும். குளூட்டன் ஆகாத சீலியாக் நோய் உள்ளவர் அந்த எழுத்தை மட்டும் நம்பினால் வயிறு கெட்டுப்போகும்.

குளூட்டனைப் பற்றி கோஷர் குறி எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். நம் நாட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. பால், குளூட்டன் உள்ள தானியம், சோயா, நிலக்கடலை போன்றவை இருந்தால் தனியே சொல்ல வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள். பாக்கெட்டில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரி அதுதான். பிஸ்கட்டில் அதைத் தேடுகிறவர்கள் பெருங்காய டப்பாவில் தேடுவதில்லை. கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கலவை; பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். கோதுமையை அறவே ஒதுக்கிய வீட்டுக்குள் சாம்பார் வழியாக அது தினமும் வருகிறது. அரிசி மாவு மட்டும் சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.